சுவரை இடிக்கும் முன் படியெடுத்தார்கள்

கடைக் கணக்கு, குடும்பப் பத்திரம், சங்கத்துப் பதிவேடு என எல்லாமே கணினிக்குள் போய்விட்டன. அவற்றைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறது? மூடிய மென்பொருளா, திறமூல மென்பொருளா? ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, பிறகு எச். 2016-ல் ஒரு நாள் எங்கள் வீட்டுக் கணினித் திரையில் முதல் சொல்லாகத் தெரிந்தது இதுதான். அடுத்த சொல்லும் அப்படியே. கீழே தள்ளிக்கொண்டே போனேன். நாற்பது பக்கமும் ஆங்கில எழுத்தும் குறியுமாக, யாருக்கும் புரியாத பாஷையில் கிடந்தன.

அது என் பெரியப்பா சொல்லி எழுதியது. 2003-ல் ஜெயங்கொண்டம் நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டிடிபி சென்டரில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, ஒரு பெண் தட்டச்சு செய்தார். எந்த நிலம் எந்தப் பாகப்பிரிவினையில் யாருக்கு வந்தது, பொதுக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, எந்த வரப்பு எந்த வருஷம் யார் சம்மதத்தோடு நகர்ந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. வேலை முடிந்ததும் சிடியை வாங்கி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, "இனிமே நூறு வருசத்துக்குக் கவலை இல்லடா" என்றார்.

பதிமூன்று வருஷம்தான் தாங்கியது. அவர் காலமான பிறகு கிணற்று முறை பற்றி ஒரு பேச்சு வந்தபோதுதான் சிடியைத் தேடினோம். சிடி நன்றாகத்தான் இருந்தது. கோப்பும் கெடவில்லை. அதைப் படிக்கும் வழிதான் தொலைந்திருந்தது.

விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பாமினி எழுத்துரு. எம் என்றால் 'அ'. கே-க்குப் பின்னால் அரைப்புள்ளி வந்தால் 'ம்'. கே, எச் சேர்ந்தால் 'மா'." முதல் சொல் 'அம்மா'. பெரியப்பா தன் தாயைக் கும்பிட்டுத்தான் தொடங்கியிருந்தார். பாமினியில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் ஊரறிந்தது. அதனால் மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. பத்தே நிமிடத்தில் முப்பது பக்கம் தமிழாக மீண்டு வந்தது.

மீதிப் பத்துப் பக்கம் வரவில்லை. நில அட்டவணைகள் மட்டும் வேறொரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தன. அந்த மென்பொருள் ஓட வேண்டுமென்றால் கணினியின் பின்புறம் டாங்கிள் என்ற ஒரு சிறு பூட்டுக் கருவி செருகியிருக்க வேண்டும். டிடிபி சென்டரை மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. மென்பொருள் செய்த நிறுவனமும் இப்போது இல்லை. தன் எழுத்துப் பட்டியலை அது யாருக்கும் கொடுத்ததும் இல்லை. கடைசியில் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்த ப்ரூப் தாள்தான் கைகொடுத்தது. அதை வைத்து மறுபடி அடித்தோம்.

ஒரே சிடி, ஒரே கை அடித்த பக்கங்கள். அவற்றில் ஒரு பகுதியின் இலக்கணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அது பிழைத்தது. இன்னொரு பகுதியின் இலக்கணம் ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் இருந்தது, கம்பெனியோடு போனது. முக்கியமான தகவலை எந்த மென்பொருளில் வைப்பது என்று யார் கேட்டாலும் அந்தப் பத்துப் பக்கம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் டிசைன்

இரண்டு வகை மென்பொருளுக்கும் என்ன வித்தியாசம் என்பதைச் சொல்ல எங்கள் பக்கத்துத் தறியே போதும். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், இலையூர், வாரியங்காவல் பக்கம் நெசவு பரம்பரைத் தொழில். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் கோத்து மாட்டிய அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்தக் கொக்கி இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். மயிலும் அன்னமும் மாங்காயும் பார்டரில் வருவது இப்படித்தான். பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் செய்த தறியின் அட்டைதான், பிறகு 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹொலரித் என்பவர் செய்த துளை அட்டைக்கும், அதன் வழியாகக் கணினிக்கும் முன்னோடி.

அந்த அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அனுபவமுள்ள நெசவாளருக்கு டிசைன் புரிந்துவிடும். ஓர் ஓட்டை தவறாக விழுந்திருந்தால் அட்டை வெட்டுபவரிடம் சொல்லி மாற்றலாம். அதே கொக்கிக் கணக்குள்ள வேறு தறியில் மாட்டினாலும் அது ஓடும். அட்டை வெட்டியவர் ஊரைவிட்டே போய்விட்டாலும் வேறொருவர் பார்த்து அதே அட்டையை வெட்டித் தருவார்.

திறமூல மென்பொருள், அதாவது ஓப்பன் சோர்ஸ், இந்த அட்டை மாதிரி. அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம், தவறைக் காட்டலாம், திருத்தலாம், தானே நடத்தலாம். மூடிய மென்பொருளில் டிசைன் பெட்டிக்குள் இருக்கும். புடவை வரும், அட்டை கண்ணில் படாது. பெட்டியைத் திறக்க விற்றவருக்கு மட்டுமே உரிமை.

'ஓப்பன்' என்றதும் நம் தகவலையும் யாரும் பார்க்கலாம் போலிருக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். இது பெரிய தவறு. பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது வெளியே தெரியலாம். சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி இல்லாமல் திறக்க முடியக்கூடாது என்பதை 1883-லேயே கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர் நல்ல பூட்டுக்கு இலக்கணமாக எழுதிவைத்தார். இன்று வங்கிப் பரிமாற்றத்தைக் காக்கும் மறையாக்க முறைகள் எல்லாம் உலகத்துக்கே வெளியிடப்பட்டவை. ரகசியம் சாவியில்தான் இருக்கிறது.

தகவலின் ஆயுசு, மென்பொருளின் ஆயுசு

ஜெயங்கொண்டத்தில் ஒரு கடை எடுத்துக்கொள்வோம். மளிகையோ, முந்திரி மண்டியோ, நகைக்கடையோ. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிந்திருந்தால் 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி 8 ஆண்டு. அதற்குள் பில்லிங் மென்பொருள் இரண்டு முறை மாறும், கணினி ஒரு முறையாவது மாறும், விற்ற ஆள் தொழிலையே விட்டிருக்கலாம். வருஷப் பராமரிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் சில மென்பொருள்கள் பழைய கணக்கையும் காட்டாமல் கதவைச் சாத்திக்கொள்கின்றன. சரக்கு உங்களுடையது, வாடிக்கையாளர் உங்களுடையவர், எழுதிய கணக்கும் உங்களுடையது. அதைப் பார்க்க மட்டும் வேறொருவர் அனுமதி வேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

கடைக் கணக்காவது எட்டு வருஷம். நிலக் கணக்கு தலைமுறைக் கணக்கு. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்காக 1990-களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. திட்டம் வரவே இல்லை. கால் நூற்றாண்டு கழித்து நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அந்தக் காலம் முழுக்கப் பட்டா, சிட்டா, நோட்டீஸ், தீர்ப்பு நகல் என்று ஒவ்வொரு தாளையும் மக்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. 1997-ல் வந்த எந்தக் கணினி நிரல் 2022-லும் அப்படியே ஓடும்?

மாவட்டமே இங்கே மூன்று முறை கை மாறியது. 2001 ஜனவரி 1-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23-ல் மீண்டும் தனியானது. ஏழு வருஷத்தில் மூன்று முறை பதிவேடு இடம் மாறுகிறது என்றால், பதிவேட்டுக்கு முதல் தேவை பெயர்த்து எடுத்துப் போகும் வசதி.

தமிழ் எழுத்தே பட்ட பாடு

என் வீட்டு சிடிக்கு நேர்ந்தது தமிழுக்கே நேர்ந்ததுதான். 1990-களில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு விசைப் பட்டியல் வைத்திருந்தது. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் படிக்க முடியவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இன்னொரு பக்கம் தன்னார்வலர்கள் உருவாக்கிய டிஸ்கி. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, தன் குறியேற்றமாக ஆணையிட்டது. ஒருங்குறி வர முடியாத இடங்களுக்கு டேஸ்-16 அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் டிடிபி சென்டர்களில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கட்டிய பக்கங்கள் எத்தனை! பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. பிறகு அடோபி அதை வளர்ப்பதையே நிறுத்திவிட்டது. அந்தக் காலத்து மலர்கள், ஊர்ச் சரித்திரங்கள், சங்க ஆண்டறிக்கைகள் பலவும் இன்று திறக்க ஆளில்லாத கோப்புகளாகக் கிடக்கின்றன.

அதே காலத்தில் தொடங்கி இன்றும் உயிரோடிருக்கும் ஒரு முயற்சியைப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக இலவசமாகத் தருகிறது. முதலில் மயிலை எழுத்துருவில் இருந்தன. பிறகு டிஸ்கிக்கு மாறின. பிறகு ஒருங்குறிக்கு மாறின. மூன்று வீடு பார்த்தும் அந்த நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. காரணம், எந்தக் கட்டத்திலும் எழுத்துப் பட்டியல் யாருடைய ரகசியமாகவும் இல்லை.

ஈழத்து நூலகம் திட்டமும் அப்படித்தான். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. அந்த வலி தெரிந்தவர்கள் 2005-ல் தொடங்கிய இணைய நூலகம், விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி என்ற திறமூல மென்பொருளில் நிற்கிறது. நாளை அந்த மென்பொருளைச் செய்தவர்கள் கைவிட்டாலும், நிரல் கையில் இருக்கும். நூலகத்தை எடுத்து நடத்த இன்னொரு தமிழர் போதும்.

பெட்டிக்குள் என்ன நடந்தது என்று கேட்க முடியாதபோது

மூடிய மென்பொருளின் ஆபத்து பழசாகிப்போவது மட்டும் இல்லை. அது தவறு செய்தால், அந்தத் தவறை நிரூபிக்கும் வழி நம்மிடம் இருக்காது. பிரிட்டன் அஞ்சல் துறையில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் ஓடியது. புஜிட்சு நிறுவனம் நடத்தியது. கிளைக் கணக்கில் இல்லாத துண்டு விழுவதாக அது காட்டியது. ஊழல் செய்ததாக, திருடியதாகத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா 2010-ல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். கணினி தவறாகக் காட்டுகிறது என்று அவர்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை. பெட்டிக்குள் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை ஏற்றது. 2021-ல் சீமாவின் தண்டனை ரத்தானது. 2024-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டு மற்றவர்களின் தண்டனைகளையும் நீக்கியது. கால் நூற்றாண்டு மானம் போனதை எந்தச் சட்டம் திருப்பித் தரும்?

நம் நாட்டுக்கே வருவோம். 2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் முதலான சேவைகளை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய சேவை, நிறுவனத்தின் சொந்தத் தகவல். ஆனாலும் எட்டிப் பார்க்க முடியவில்லை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் உண்டு, நீதிமன்றம் உண்டு. ஜெயங்கொண்டத்துக் கடைக்காரர் எங்கே போய்க் கேட்பார்?

திறந்த கதவுக்கும் காவல் வேண்டும்

இதைப் படித்துவிட்டுத் திறமூலம் என்றாலே பத்திரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல நிரலில் 2012-ல் புகுந்த ஒரு பிழை, ஹார்ட்பிளீட் என்ற பெயரில் 2014 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. இரண்டு வருஷம் உலகமே பார்க்கும் இடத்தில் கிடந்தும் யாரும் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்பது வேறு, பார்த்தார்கள் என்பது வேறு.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் திகிலானது. லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தில் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சிறு நிரலுக்குள், பல வருஷம் நல்லவர்போல் பழகிய ஒருவர் பின்வாசல் வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. அவர் தோண்டியிருக்காவிட்டால் பல லட்சம் கணினிகளுக்குள் திருடர்கள் நுழைய வழி கிடைத்திருக்கலாம். இரண்டும் உண்மை.

பழக்கவும் பழுது பார்க்கவும் ஆள் உண்டா என்ற கேள்வியும் நியாயமானது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. தமிழ்நாட்டிலும் 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. ஆனால் மாணவர்களில் எத்தனை பேர் பாஸைத் திறந்து பார்த்தார்கள் என்று எங்கள் தெருவிலேயே கேட்டுப் பார்க்கலாம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத மென்பொருள், சாவி கொடுத்தும் குடிபோகாத வீடு.

மூடிய மென்பொருளுக்கு அங்கேதான் பலம். ஜிஎஸ்டி விதி மாறினால் அடுத்த வாரமே புதுப்பதிப்பு வரும். போன் செய்தால் ஆள் வருவார். கணக்கெழுதும் பிள்ளைகள் எல்லாருக்கும் டாலி தெரியும். கணக்கில் செய்த திருத்தங்களையெல்லாம் பதிந்து காட்டும் வசதி கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானபோது, பெரிய மென்பொருள் நிறுவனங்கள் அதை உடனே கொடுத்தன. இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர் மென்பொருள் என்பதும் திறந்த மென்பொருள் என்பதும் ஒன்றில்லை. தென்காசியில் வேர்விட்ட ஸோஹோவைப் பார்த்துத் தமிழர்கள் பெருமைப்படுகிறோம். மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலும் அங்கே போயிருக்கிறது. வெளிநாட்டுத் தடைக்கு நம் தகவல் பலியாகாமல் இருக்க அது உதவும். ஆனால் அதன் நிரலும் மூடியதுதான். சுதேசி என்பது ஒரு கேள்விக்குத்தான் பதில். என் தகவலை நான் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துப் போகலாமா என்ற கேள்வியை அவர்களிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

திருமழபாடியில் நடந்தது

இந்த மாவட்டத்திலேயே, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கிறது. ராஜராஜ சோழன் தன் 28-ம் ஆட்சியாண்டில், கி.பி. 1013 வாக்கில், அதன் விமானத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டான். பழைய சுவர்களில் கல்வெட்டுகள் இருந்தன. நிலக்கொடை, விளக்குக்கு விட்ட ஆடு, பொன் என்று ஊராரின் சொத்துக் கணக்கெல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தது. இடிக்கும் முன் எல்லாவற்றையும் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். ராஜேந்திர சோழனின் 14-ம் ஆட்சியாண்டில், கி.பி. 1026 வாக்கில், புத்தகத்தில் இருந்ததைப் புதிய சுவரில் மறுபடி வெட்டினார்கள். இந்தக் கதையை நமக்குச் சொல்வதே அந்தச் சுவரில் இருக்கும் கல்வெட்டுதான்.

கல்லிலிருந்து ஏட்டுக்கு, ஏட்டிலிருந்து கல்லுக்கு. நடுவில் அரசனே மாறிவிட்டான். சுமார் பதிமூன்று வருஷம் அந்த ஊரின் சொத்துக் கணக்கு ஒரு புத்தகத்தை நம்பி இருந்தது. என் பெரியப்பாவின் சிடி இருந்ததும் அதே பதிமூன்று வருஷம்தான். திருமழபாடிக் கணக்கு திரும்பி வந்தது, எங்கள் அட்டவணை சிடியிலிருந்து திரும்பவில்லை. எழுத்தறிந்த எவரும் வாசிக்கக்கூடிய எழுத்தில் அந்தக் கோயில் கணக்கு இருந்தது. முதலில் வெட்டிய தச்சன் உயிரோடிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை.

படியெடுக்காமல் இடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நாங்கள் தொலைவு போக வேண்டாம். ஜெயங்கொண்டத்திலிருந்து பத்துக் கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் அணைக்கரைக் கீழணையைக் கட்டியபோது, அந்தக் கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அந்தக் கற்களில் என்னென்ன எழுதியிருந்ததோ, இனி யாரும் வாசிக்கப் போவதில்லை. அணை பயனுள்ளதுதான். கல்லும் வீணாகவில்லை. எழுத்து மட்டும் போயிற்று.

எதை எதில் வைப்பது?

தகவலின் ஆயுசைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். என் தீர்மானம் இது.

தலைமுறைக்கு நிற்க வேண்டியது: பத்திரம், பாகப்பிரிவினை, பட்டா, ஊர்ச் சரித்திரம், கோயில் சொத்துப் பட்டியல், சங்கத்து உறுப்பினர் பதிவேடு. இவற்றைத் திறந்த வடிவத்தில் மட்டுமே வையுங்கள். எழுத்து என்றால் ஒருங்குறி. ஆவணம் என்றால் ஓடிஎஃப், அல்லது நெடுங்காலச் சேமிப்புக்கென்றே வகுத்த பிடிஎஃப்-ஏ. பட்டியல் என்றால் சிஎஸ்வி. இவற்றின் இலக்கணம் எல்லாருக்கும் வெளியிடப்பட்டது, எந்த நிறுவனத்தின் ரகசியமும் இல்லை. லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே இவற்றைக் கையாளும், தமிழிலும் வேலை செய்யும். ஸ்கேன் செய்த பத்திரங்களைப் படமாகவும் வையுங்கள், ஒரு தாள் நகலும் வையுங்கள். எங்கள் வீட்டில் கடைசியில் நின்றது தாள்தான்.

பூட்டிவைக்க வேண்டியது: கடவுச்சொற்கள், வங்கி விவரம். இங்கே திறமூலத்தைத்தான் நம்புவேன். மறையாக்கத்தில் 'எங்களை நம்புங்கள்' என்ற வாக்கு மட்டும் போதாது, பூட்டை வெளியார் பார்த்திருக்க வேண்டும். ட்ரூகிரிப்ட் என்ற மென்பொருளை அதைச் செய்தவர்கள் 2014 மே மாதம் திடீரென்று கைவிட்டார்கள். நிரல் வெளியே இருந்ததால் வெராகிரிப்ட் என்ற பெயரில் வேறு கைகள் தொடர்ந்தன, 2016-ல் வல்லுநர்கள் சோதித்தும் பார்த்தார்கள். பூட்டியவை எதுவும் உள்ளேயே சிக்கவில்லை. கடவுச்சொல்லுக்குக் கீபாஸ் குடும்பத்து மென்பொருள்கள் இருக்கின்றன.

வருஷத்துக்கு வருஷம் ஓடுவது: கடைக் கணக்கு, பில், சரக்கு இருப்பு. டாலி போன்ற மூடிய மென்பொருள் இங்கே தாராளமாக இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு மார்ச் 31-க்குப் பிறகும் கணக்கு முழுவதையும் எக்ஸெல்லாகவோ எக்ஸ்எம்எல்லாகவோ வெளியே எடுத்துத் தனியே வையுங்கள். வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பராமரிப்புக் கட்டணம் கட்டாவிட்டாலும் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? முழுத் தகவலையும் ஒரே தடவையில் வெளியே எடுக்க முடியுமா? நீங்கள் நாளை தொழிலை விட்டால் என் தகவல் என்ன ஆகும்? தயங்கினால் வாங்காதீர்கள். வசதி உள்ள வியாபாரத்துக்கு மும்பையில் பிறந்த ஈஆர்பி நெக்ஸ்ட் என்ற திறமூல மென்பொருளும் ஒரு வழி.

பொதுச் சொத்தாக இருப்பது: பள்ளி, நூலகம், கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி. இங்கே கறாராக இருக்க வேண்டும். நூலகத்துக்குக் கோஹா இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு சிறு ஊர் நூலகம், தன் பழைய மென்பொருள் 2000-ம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்து செய்துகொண்டது. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களிலும் ஓடுகிறது. அரசுப் பணத்தில் வாங்கும் எந்த மென்பொருளின் ஒப்பந்தத்திலும், தகவல் திறந்த வடிவத்தில் திரும்பக் கிடைக்கும் என்ற வரி இருக்கத்தான் வேண்டும். அரசு மென்பொருளில் திறமூலத்துக்கு முன்னுரிமை என்று மத்திய அரசு 2015-லேயே கொள்கை வகுத்துவிட்டது. அது தாலுகா அலுவலகம் வரை இறங்கி வர வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு பழைய விதி: மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். ஒன்று கடைக் கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளை வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ. திறந்த மென்பொருளாக இருந்தாலும் ஒரே படி என்றால் ஒரு தீ போதும். அதை யாழ்ப்பாணம் நமக்குச் சொல்லியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

உங்கள் வீட்டிலோ கடையிலோ மிக முக்கியமான ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பென்டிரைவில் போட்டு, அது பிறந்த மென்பொருளே இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இலவச மடிக்கணினியாக இருக்கட்டும், பாஸ் லினக்ஸ் பக்கமாகவே இருக்கட்டும். திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், இப்போதே தெரிந்தது நல்லது. அந்த மென்பொருள் இன்னும் ஓடுகிறது, விற்றவர் இன்னும் போன் எடுக்கிறார். சுவர் இன்னும் நிற்கிறது, படியெடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

திருமழபாடியில் படியெடுத்தது இடித்த பிறகு இல்லை, இடிக்கும் முன்.